ஏழு அடுக்கில் ஒரு குறள்: யாப்பு எப்படி இயங்குகிறது?

மலேசியாவில், பந்திங்கிலோ கிள்ளானிலோ தமிழ்ப்பள்ளியில் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு ஆத்திசூடி தெரியும், கொன்றை வேந்தன் தெரியும், திருக்குறளும் கொஞ்சமாவது மனப்பாடமாக இருக்கும். பொருளும் சொல்லிவிடும். ஆனால் குறளில் ஏன் ஏழே சீர், நடுவில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ஏன் நாக்கு இடறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் விழிப்பார்கள். யாப்பு என்றாலே புலவர் பட்டம் வாங்கியவர்களின் சமாசாரம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம். அப்படி ஒதுக்க வேண்டியதே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு செய்யுளைப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அதற்குச் சமையலறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: டிபன் கேரியர். ரப்பர்த் தோட்டக் காலத்தில் பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்டவர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு போனது அதில்தான். இன்று பந்திங்கைச் சுற்றிப் பால்மரங்கள் போய்ச் செம்பனை நிற்கிறது. கேரியர் மட்டும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைக் கழற்றவும் மறுபடி பூட்டவும் தெரிந்தவருக்கு யாப்பின் அமைப்பு புதிதாகத் தோன்றாது.

பிரித்துப் பார்க்க ஒரு குறள் வேண்டும். இந்தக் கட்டுரைக்கென்றே ஒன்று கட்டியிருக்கிறேன்:

பந்திங் பனிக்குளிரில் பால்வெட்டும் தாயறியும்
சந்தம் குழந்தைக்குப் பாட்டு.

பொருள் எளிது. விடியற்காலையில் மரப்பட்டையில் கத்தி ஓடும்போது ஒரு சீரான ஓசை எழும். நாள்தோறும் அதைக் கேட்டுப் பழகிய தாய், அந்தத் தாளத்திலேயே பிள்ளைக்குப் பாடுகிறாள். அதிகாலையிலேயே பால் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏற ஏற ஒழுகுவது குறையும். ஆகவே 'பனிக்குளிர்' என்பது அழகுக்காக மட்டும் வந்த சொல் அல்ல. பொருளை இத்துடன் வைத்துவிட்டுக் கேரியரைத் திறப்போம்.

முதலில் எழுத்து. அடுக்கில் போட வேண்டிய பண்டம் இதுதான். யாப்புக்கு மூன்று வகை எழுத்துத் தெரிந்தால் போதும்: குறில், நெடில், ஒற்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று பழைய இலக்கணம் சொல்கிறது. இவற்றில் ஒற்று, அதாவது புள்ளி வைத்த எழுத்து, பாத்திரத்தின் மூடியைப் போல. மூடி போட்டாலும் போடாவிட்டாலும் பாத்திரம் ஒன்றுதான். மூடியைத் தனிப் பாத்திரமாக யாரும் எண்ணுவதில்லை. ஆய்தத்தையும் இப்படியே மூடிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பிறகு அசை. இது பண்டத்தை அள்ளும் கரண்டி. யாப்பின் அடுக்களையில் இரண்டே கரண்டிதான் உண்டு. சின்னதற்கு நேர் என்று பெயர், பெரியதற்கு நிரை என்று பெயர். தமிழில் எந்தச் சொல்லானாலும் இந்த இரண்டால் அள்ளி முடித்துவிடலாம்.

அள்ளும் முறை இப்படி. சொல்லின் இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலெழுத்து நெடிலா? அதோடு நிறுத்துங்கள், பின்னால் ஒற்று இருந்தால் மூடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நேர். முதலெழுத்து குறிலா? அப்படியானால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது ஒற்றாக இருந்தால் அதை மூடியாகப் போட்டு நிறுத்துங்கள், அதுவும் நேர். அடுத்தது இன்னொரு குறிலோ நெடிலோ ஆனால், குறில் தனியே நிற்காது; அதையும் இழுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து அள்ளி, பின்னால் ஒற்று இருந்தால் அதையும் மூடி நிறுத்துங்கள். அது நிரை. குறிலுக்குப் பின்னால் எதுவுமே மிச்சமில்லையா? தனியாகவே அள்ளுங்கள், அது நேர். விதி இவ்வளவுதான்.

இப்போது நம் குறளுக்கு வருவோம். 'பந்திங்': ப குறில், அடுத்தது ந் என்ற ஒற்று. ஆகவே 'பந்' ஒரு நேர். பிறகு 'திங்', அதுவும் அப்படியே நேர். 'பனிக்குளிரில்': ப குறில், அடுத்தது னி என்ற குறில், பின்னால் க். ஆகவே 'பனிக்' ஒரு நிரை. 'குளி' இன்னொரு நிரை. 'ரில்' நேர். 'பால்வெட்டும்': பால், வெட், டும் என மூன்றும் நேர். 'தாயறியும்': தா நேர், யறி நிரை, யும் நேர். 'சந்தம்': நேர், நேர். 'குழந்தைக்குப்': குழந் நிரை, தைக் நேர், குப் நேர்.

இந்தக் கடைசிச் சொல்லில் பழகாதவர் ஒரு கணம் நிற்பார்கள். 'தை' நெடில் ஆயிற்றே? சொல்லின் முதலில் வரும் ஐகாரம் நெடில்தான். நடுவிலும் கடைசியிலும் வரும்போது அது குறுகி ஒலிக்கும். 'குழந்தை' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள், தையை யாரும் இழுப்பதில்லை. எனவே சொல்லின் முதலில் இல்லாத ஐகாரத்தைக் குறிலாகவே அள்ள வேண்டும். 'தைக்' எப்படியும் நேர்தான் என்பதால் இங்கே விடை மாறவில்லை. 'குழந்தைகள்' என்ற சொல்லில் 'தைகள்' ஒரே நிரையாவது இந்த விதியால்தான்.

அடுத்தது சீர். ஒரு சீர் ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் பெரும்பாலும் இரண்டு கரண்டி அல்லது மூன்று கரண்டி போடுவோம். எந்தக் கரண்டி முதலில், எது பிறகு என்பதைப் பொறுத்து அடுக்குக்குப் பெயர் மாறும். நேர்-நேர் என்றால் தேமா. நிரை-நேர் என்றால் புளிமா. நேர்-நிரை கூவிளம். நிரை-நிரை கருவிளம். இந்தப் பெயர்களை உருப்போட வேண்டியதில்லை, பெயரே மாதிரி. 'தேமா'வை அள்ளிப் பாருங்கள், நேர்-நேர் வரும். 'கருவிளம்' என்பதை அள்ளினால் நிரை-நிரை வரும். இவற்றின் கடைசியில் இன்னொரு நேர் சேர்ந்தால் பெயரில் 'காய்' சேரும்: தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய். நேருக்குப் பதில் நிரை சேர்ந்தால் கனி; குறளும் ஒரு வெண்பா வகைதான், வெண்பாவின் கேரியரில் கனி அடுக்குக்கு இடமில்லை.

ஆக, நம் குறளின் அடுக்குகள் இவை: பந்திங் தேமா, பனிக்குளிரில் கருவிளங்காய், பால்வெட்டும் தேமாங்காய், தாயறியும் கூவிளங்காய். இரண்டாவது அடியில் சந்தம் தேமா, குழந்தைக்குப் புளிமாங்காய். கடைசிச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

இனி வருவதுதான் யாப்பின் உயிர்நாடி. தளை என்பார்கள். கேரியரில் கீழடுக்கின் வாய் எப்படி இருக்கிறதோ, அதற்கேற்ற அடிப்பாகம் மேலடுக்குக்கு இருந்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று 'டக்' என்று உட்காரும். வேறு கேரியரின் அடுக்கைக் கொண்டுவந்து வைத்தால் ஆடும், குழம்பு வழியும். செய்யுளிலும் ஒரு சீர் எப்படி முடிகிறது என்பது அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வெண்பாவுக்கு மூன்று பொருத்தம்தான். மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். காயில் முடிந்தாலும் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும்.

குறளைப் பூட்டிப் பாருங்கள். பந்திங் மா, அடுத்தது 'பனிக்' என்று நிரையில் தொடங்குகிறது, பொருந்துகிறது. பனிக்குளிரில் காய், அடுத்தது 'பால்', நேர். பால்வெட்டும் காய், அடுத்தது 'தா', நேர். தாயறியும் காய், அடுத்தது அடுத்த வரியின் 'சந்', நேர். வரி மாறினாலும் பொருத்தம் விடாது, இதைக் கவனியுங்கள். எழுதும் வசதிக்குத்தான் இரண்டு வரி. பூட்டில் இது ஒரே கேரியர். சந்தம் மா, அடுத்தது 'குழந்', நிரை. குழந்தைக்குப் காய், அடுத்தது 'பாட்', நேர். ஆறு பூட்டும் சரி.

இப்போது வேண்டுமென்றே ஒரு அடுக்கை மாற்றுவோம். தளை என்ன வேலை செய்கிறது என்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும். 'பந்திங் காலையில் பால்வெட்டும்' என்று வைத்தால் தேமாவுக்குப் பின் 'கா' என்ற நேர் வந்துவிடுகிறது. பொருளில் குறை ஒன்றுமில்லை. ஓசை மட்டும் வெண்பாவை விட்டு அகவல், அதாவது ஆசிரியப்பா, பக்கம் சாய்கிறது. 'பந்திங் பனியில் பால்வெட்டும்' என்று வைத்துப் பாருங்கள். முதல் பூட்டு சரி. ஆனால் 'பனியில்' புளிமா. அதற்கு மேல் நிரை உட்கார வேண்டிய இடத்தில் 'பால்' என்ற நேர் வந்து ஆடுகிறது. சத்தமாக இரண்டு முறை படித்தால் அந்த இடத்தில் நாக்கு தடுக்குவது தெரியும்.

சரி, 'பனியில்' என்பதை வைத்துக்கொண்டே அடுத்த அடுக்கை மாற்றினால்? 'பந்திங் பனியில் மரம்சீவும் தாயறியும்'. மரம் என்பது நிரை, பூட்டு விழுந்துவிட்டது. மரம் சீவுவது என்பதும் தோட்டத்தில் பேசிய சொல்தான். ஆனால் இங்கே 'பால்' போய்விட்டது. தாய், குழந்தை என்ற இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில் பால் நின்றபோது மரத்துப் பாலும் தாய்ப்பாலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன, இப்போது வரவில்லை. இன்னொரு வழி, 'பந்திங் பனிக்குளிர்ப் பால்வெட்டும்'. பனிக்குளிர் கருவிளம், விளத்தின் பின் நேர், இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பாலே குளிர்ந்துபோனது போல ஒரு தவறான பொருள் தட்டுகிறது. ஒரு செய்யுளை ஆராய்வது என்றால் என் மனத்தில் முதலில் நிற்பது இந்த வேலைதான். கவிஞர் வைத்த சொல்லை எடுத்துவிட்டு, அதே அளவில் வேறொன்றை வைத்துப் பார்த்து, எது இழக்கப்படுகிறது என்று கேட்பது. சீர் வாய்பாட்டை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

இப்போது மிச்சம் வைத்த கடைசிச் சொல். கேரியரின் உச்சியில் ஊறுகாய்க்கென்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்குமே, வெண்பாவின் ஈற்றுச்சீர் அதுதான். முழு அடுக்குக்கு இடமில்லை. தனி நேர் வரலாம். அதற்கு நாள் என்று பெயர். தனி நிரை வரலாம், மலர். நேரோடு ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டு வரலாம்; காசு. நிரையோடு அதுபோல வந்தால் பிறப்பு. 'பாட்டு' என்பதில் 'பாட்' நேர், 'டு' குறுகிய உகரம். ஆகவே காசு. தொல்காப்பியர் காலத்து யாப்பில் இப்படி உகரம் ஒட்டிய அசைகளுக்கு நேர்பு, நிரைபு என்று தனிப் பெயரே இருந்தது. பிற்கால இலக்கணம் நேர், நிரை என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டது. பழைய வழக்கத்தின் மிச்சம் வெண்பாவின் கடைசிக் கிண்ணத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று நாம் படிக்கும் விதிகளில் பெரும்பகுதியை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் தொகுத்துத் தந்தார்; குணசாகரர் அதற்கு உரை எழுதினார்.

முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஏழு என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. ஈற்றடி ஒரு சீர் குறைவதால் ஓசை சட்டென்று நிற்கிறது, சொன்ன கருத்து மனத்தில் இறங்க இடம் கிடைக்கிறது. ஔவையாரின் மூதுரையும் நல்வழியும் நான்கடி வெண்பாக்கள். அங்கும் கடைசி அடி மூன்று சீர்தான், மற்றவை நான்கு, மொத்தம் பதினைந்து. நாளிதழ்களின் ஞாயிற்றுப் பக்கங்களில் வரும் மரபுக் கவிதைகள் பெரும்பாலும் விருத்தங்கள். அவற்றுக்கு வழி இன்னும் சுலபம்: முதல் அடியின் சீர்களை வரிசையாக எழுதி, மற்ற அடிகளும் அதே வரிசையில் ஓடுகின்றனவா என்று ஒப்பிட்டால் போதும்.

அடுத்தது தொடை. எதுகை, மோனை எல்லாம் இதில் அடங்கும். நம் வீடுகளில் பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டி வைப்பார்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுத்த கேரியர்கள் நூறு கலந்து கிடந்தாலும் எது நம்முடையது என்று அந்த வெட்டெழுத்தால் தெரியும். எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் வெட்டியிருக்கும். எதுகையும் அப்படித்தான். ஒவ்வொரு அடியின் முதற்சீரிலும், அதே இடத்தில், அதாவது இரண்டாம் எழுத்தில், ஒரே அடையாளம். பந்திங், சந்தம்: இரண்டிலும் இரண்டாம் எழுத்து ந். ஒரு நிபந்தனை உண்டு. முதலெழுத்து இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பாட்டு, வீட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகை ஆகாது. இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தும் 'பா' நீளம், 'க' குட்டை.

மோனை முதலெழுத்தில் வெட்டிய அடையாளம். நம் குறளின் முதல் அடியில் ப, ப, பா என்று முதல் மூன்று சீரிலும் வருகிறது; இதைக் கூழை மோனை என்பார்கள். முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மட்டும் வந்தால் பொழிப்பு மோனை. காதுக்கு மிக இயல்பாக விழுவது அதுதான். மோனையில் சில எழுத்துகள் உறவுக்காரர்கள்: ச-வுக்குத் த, ம-வுக்கு வ, ஞ-வுக்கு ந. இந்த உறவு தெரியாமல் தேடினால் பல மோனைகள் கண்ணில் படாமலே போய்விடும். இரண்டாம் அடிக்கு வாருங்கள். ச, கு, பா, மோனையே இல்லை. ஒரு மாணவர் இதைக் குறை என்று எழுதலாம். எனக்கு அது பொருளோடு சேர்ந்தே நடப்பதாகப் படுகிறது: மரத்தில் கத்தி ஓடும் அடியில் ஓசை திரும்பத் திரும்பத் தட்டுகிறது, பிள்ளைக்குப் பாடும் அடியில் தட்டல் நின்று தணிகிறது. மோனை இருக்கிறது என்று சொல்வதைவிட, எங்கே இருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று சொல்வதே ஆராய்ச்சி.

பந்திங் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்கள் மலாய் வகுப்பில் பந்துன் படிக்கிறார்கள். பந்துன் நான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு அசையொலி. முதல் இரண்டு வரி பெம்பாயாங். ஒரு காட்சியைக் காட்டி ஓசைக்குக் களம் அமைக்கும். பின்னிரண்டு வரி மக்சுட். சொல்ல வந்த கருத்து அங்கேதான். முதல் வரியின் முடிவு மூன்றாம் வரியின் முடிவோடும், இரண்டாவது நான்காவதோடும் ஒலியில் ஒத்துப்போகும். 2020-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்த வடிவம் இது.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஒலி ஒப்புமை என்றதும் கண் வரியின் கடைசிக்குப் போகிறது. தமிழ்ச் செய்யுளில் கடைசியைத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. பெயர் வெட்டிய இடம் இங்கே வேறு என்று சொல்லிக்கொடுத்தால் போதும். மலாயில் வரியின் வாலில் வெட்டு. தமிழில் தலையில் வெட்டு. தமிழில் வால் ஒப்புமை இல்லாமலும் இல்லை. அதற்கு இயைபு என்று பெயர். கும்மியிலும் சிந்திலும் திரைப்பாட்டிலும் அது நிறைய வரும். இரண்டு வகுப்பையும் அடுத்தடுத்து வைத்து நடத்தினால் ஒன்று மற்றொன்றை விளக்கிவிடும். ஏன் இப்படி நடத்துவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடைசியாக, திரும்ப வருதல். ஒரே சொல் ஒரு செய்யுளில் மறுபடி வந்தால் முதலில் அது வரும் இடங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்திலும் பொருள் அதேதானா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக வெட்டியிருந்தாலும் அடுக்கைத் திறந்தால் உள்ளே வேறு பண்டம் இருக்கலாம். 'பாலுக்குப் போன தாய், பாலுக்கு அழும் பிள்ளை' என்று ஒருவர் எழுதினால் முதல் பால் மரத்துடையது, இரண்டாம் பால் தாயுடையது. சொல் திரும்பியது, பொருள் நகர்ந்துவிட்டது. அணியிலக்கணம் இதைச் சொல் பின்வருநிலை என்கிறது. சொல்லும் பொருளும் மாறாமல் திரும்பினால் சொற்பொருள் பின்வருநிலை. சொல் மாறிப் பொருள் மட்டும் திரும்பினால் பொருள் பின்வருநிலை. பெயரைவிட, பொருள் நகர்ந்ததா நின்றதா என்ற கேள்விதான் முக்கியம். நகராமலே திரும்புவதற்கும் வேலை உண்டு. தாலாட்டில் ஒரே சொல் பத்து முறை வருவது பிள்ளை தூங்குவதற்காக.

செய்யுளையும் அடுத்த செய்யுளையும் சேர்க்கும் திரும்புதல் ஒன்று இருக்கிறது: அந்தாதி. ஒன்று முடிந்த சொல்லிலோ எழுத்திலோ அடுத்தது தொடங்கும். முதல் கேரியரின் உச்சிக் கிண்ணம் எதுவோ அதுவே இரண்டாம் கேரியரின் கீழடுக்கு. கோயில்களிலும் வீடுகளிலும் ஓதும் அபிராமி அந்தாதி இப்படி நூறு பாடல்களைக் கோத்து, நூறாவதை முதல் பாடலின் தொடக்கத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அதன் பாவகையான கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணிக்கையும் கட்டுப்பாடு: ஒற்றை விட்டுவிட்டு எண்ணினால், நேரில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. நம் பக்கத்திலும் அந்தாதிக்கு வயது அதிகம். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதி 1887-இல் சிங்கப்பூரில் அச்சானது.

மலாயிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. பந்துன் பெர்காயிட் என்பார்கள். ஒரு பந்துனின் இரண்டாம் வரியும் நான்காம் வரியும் அடுத்த பந்துனில் முதல் வரியாகவும் மூன்றாம் வரியாகவும் வரும். அந்தாதியில் ஒரு சொல் திரும்புகிறது. இதில் முழு வரியே திரும்புகிறது. 1829-இல் விக்டர் ஹ்யூகோ தம் கவிதை நூலின் குறிப்புகளில் இப்படியொரு மலாய்ப் பந்துனின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார்; அதைப் பார்த்துப் பிரெஞ்சுக் கவிஞர்கள் எழுதத் தொடங்க, பந்தூம் என்ற வடிவம் ஐரோப்பாவில் பரவியது.

இனி நீங்களே செய்து பார்க்க, முதல் குறளோடு அந்தாதியாக இணையும் ஒன்று:

பாட்டின் எழுத்தெண்ணிப் பார்க்கின்ற பிள்ளைக்கு
வீட்டின் அடுக்களையே நூல்.

ஒரு தாளில் ஏழு சொல்லையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் நேர், நிரை; அதன் கீழ் சீரின் பெயர்; சொற்களுக்கு நடுவில் பூட்டு சரியா என்று ஒரு குறி. தேமா, புளிமாங்காய், தேமாங்காய், தேமாங்காய், தேமா, கருவிளங்காய், நாள் என்று வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 'அடுக்களையே' என்பதில் 'களை' நிரையாக வரவில்லை என்றால் குறில் தனியே நிற்காது என்ற விதியை மறந்திருப்பீர்கள். எதுகை ட், முதலெழுத்து இரண்டும் நெடில். முதல் அடியில் மோனை ஒன்றுக்கும் மூன்றுக்கும். நான்காம் சீரின் 'பி' ப வரிசைதான் என்றாலும் இகரம் ஏறியதால் 'பா'வோடு மோனை ஆகாது. விடையைச் சரிபார்க்க வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் என்ற மென்பொருள் இருக்கிறது. செய்யுளைத் தட்டச்சுச் செய்தால் அசை, சீர், தளை, தொடை எல்லாம் பிரித்துக் காட்டும். முதல் சில முறை கையால் செய்துவிட்டுப் பிறகு அதைத் திறங்கள்; காது பழகுவது கையால் செய்யும்போதுதான்.

பயிற்சிக்கு வேறு செய்யுள்கள் வேண்டுமென்றால் இந்த மண்ணிலேயே குவிந்து கிடக்கின்றன. பந்திங் இருக்கும் அதே கோல லங்காட் மாவட்டத்தின் கேரித் தீவைச் சேர்ந்த முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை ஒரு நூற்றாண்டின் கவிதைகளைத் தேடித் தொகுத்து, மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் என்று 1997-இல் வெளியிட்டார். அதில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு விருத்தத்தின் முதல் அடியிலிருந்து தொடங்கலாம்.

அல்லது அந்தாதியைத் தொடரலாம். மூன்றாவது குறள் 'நூல்' என்று தொடங்க வேண்டும். 'நூலை' என்று வைத்தால் தேமா. அடுத்த சொல் நிரையில் தொடங்க வேண்டும். 'நூலகம்' என்று வைத்தால் கூவிளம். அடுத்த சொல் நேரில் தொடங்க வேண்டும். இரண்டாம் அடியின் தலைக்கு, நெடிலை அடுத்து ல வரும் சொல் ஒன்று தேடிக்கொள்ளுங்கள்: காலை, வேலை, ஓலை, பாலை.